குமார் அடித்த பையனா, குமாரை அடித்த பையனா: பேச்சு புரியும்போது மூளைக்குள் நடப்பது என்ன?

'குமார் அடித்த பையன் ஓடினான்.' 'குமாரை அடித்த பையன் ஓடினான்.' இரண்டாவது வாக்கியத்தில் கூடுதலாக இருப்பது ஓர் 'ஐ' மட்டும். அதற்குள் அடித்தவர் அடிவாங்கியவராகிவிடுகிறார். கேட்கிறவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 'ஓடினான்' என்று முடிவதற்குள் யார் யாரை அடித்தது என்பது தெரிந்துவிடும். பக்கவாதம் வந்த சிலருக்கோ குமார், அடி, பையன், ஓட்டம் எல்லாம் தனித்தனியாகப் புரியும். யார் யாரை அடித்தது என்பது மட்டும் பிடிபடாது.

ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு 'அஃபேசியா' (மூளை பாதிப்பால் மொழித்திறன் குலைவது) என்று அவருடைய குடும்பத்தினர் 2022 மார்ச்சில் அறிவித்தார்கள். 2023 மே மாதம் 'மனத்தை வாசிக்கும் கருவி வந்துவிட்டது' என்று இன்னொரு செய்தி பரவியது. இம்மாதிரிச் செய்திகளோடு வழக்கமாக ஒரு படம் வரும்: மூளையின் இடப்பக்கத்தில் இரண்டு வட்டங்கள், முன்வட்டம் பேசுவதற்கு, பின்வட்டம் புரிந்துகொள்வதற்கு. அந்தப் படம் முழுப் பொய் அல்ல. ஆனால் அதை வைத்துக்கொண்டு மேலே சொன்ன எதையும் விளக்க முடியாது.

இரண்டு வட்டம் எப்படி வந்தது

1861இல் பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளி இறந்தார். பல ஆண்டுகளாக அவர் வாயிலிருந்து வந்த ஒரே அசை 'தான்'. சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது, பதில்தான் வரவில்லை. மருத்துவர் பால் புரோக்கா அவருடைய மூளையை எடுத்துப் பார்த்தார். இடது நெற்றிமடலின் கீழ்ப்பகுதி, அதாவது நெற்றிப் பொட்டுக்குச் சற்று உள்ளே, சிதைந்திருந்தது. 1874இல் 26 வயது கார்ல் வெர்னிக்கே இதன் மறுபக்கத்தைக் காட்டினார்: தடையின்றிப் பேசுவார்கள், ஆனால் பேச்சில் பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் புரியாது. பாதிப்பு இருந்தது காதுக்கு மேலே உள்ள பொட்டுமடலின் பின்பகுதியில். இரண்டையும் இணைக்கும் நரம்பிழைக் கட்டையும் சேர்த்து 1965இல் அமெரிக்கரான நார்மன் கெஷ்விண்ட் இந்தக் கோட்பாட்டுக்கு மறுஉயிர் கொடுத்தார். பாடப்புத்தகங்களில் இன்றும் இருப்பது அதுதான்.

அதில் என்ன கோளாறு?

1. புரோக்கா தமக்குக் கிடைத்த மூளைகளை அறுக்காமல் அப்படியே பதப்படுத்தி வைத்திருந்தார். அதனால் 2007இல் அவற்றை எம்ஆர்ஐயில் வைத்துப் பார்க்க முடிந்தது. லெபோர்னின் மூளையில் சிதைவு மேற்பரப்போடு நிற்கவில்லை. உள்ளே வெகு ஆழம்வரை போய், நீண்ட நரம்பிழைக் கட்டுகளையும் தின்றிருந்தது. 'புரோக்கா பகுதி' மட்டும் கெட்டால் இவ்வளவு பெரிய பேச்சிழப்பு வராது.

2. பக்கவாதம் மூளையை வெட்டுவது இரத்தக்குழாயின் கிளைப்படி. மூளையின் வேலைப் பிரிவினைப்படி அல்ல. நடுப் பெருமூளைத் தமனியின் மேல்கிளை அடைத்தால் நெற்றிமடல் பக்கம் மொத்தமாகப் போகும். கீழ்கிளை அடைத்தால் பொட்டுமடல் பக்கம் மொத்தமாகப் போகும். அதனால்தான் நோய் இரண்டு வகையாகத் தெரிந்தது. வயல் காய்ந்திருப்பதைப் பார்த்து எந்த மதகு மூடியிருக்கிறது என்று சொல்லலாம். எந்த வயலில் என்ன பயிர் என்று சொல்ல முடியாது.

3. வெர்னிக்கே பகுதியின் எல்லை எது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மார்செல் மெசுலம் குழு, மொழித்திறன் மெல்ல மெல்லத் தேயும் நோயாளிகளைப் பார்த்து 2015இல் வெளியிட்ட முடிவு இன்னும் சங்கடமானது. வெர்னிக்கே பகுதி மெலிந்தவர்களுக்குத் தனிச்சொல்லின் பொருள் புரிந்தது. பொட்டுமடலின் முன்முனை மெலிந்தவர்களுக்குத்தான் புரியாமல் போனது.

எந்தக் கருவி எதைக் காட்டும்

எப்எம்ஆர்ஐ, அதாவது மூளை வேலை செய்துகொண்டிருக்கும்போது எடுக்கும் எம்ஆர்ஐ, இடத்தைச் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் காட்டும். ஆனால் அது அளப்பது இரத்த ஓட்டத்தை. நரம்பணுக்கள் வேலை செய்து ஐந்தாறு நொடி கழித்துத்தான் அந்த மாற்றம் உச்சத்துக்கு வருகிறது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு சொற்கள் ஓடிவிடும். தலையில் மின்முனைகளை ஒட்டி எடுக்கும் ஈஈஜி மில்லிநொடிக் கணக்கில் காட்டும். எங்கிருந்து வருகிறது என்பதில் குழப்பும். வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்வதற்கு முன் சிலருடைய மூளை மேற்பரப்பிலேயே மின்முனைத் தகடு வைப்பார்கள். இடம், நேரம் இரண்டையும் ஒருசேரச் சொல்வது அதுதான். ஆனால் தகடு வைத்த இடம் மட்டுமே தெரியும். 'மூளையில் இந்த இடம் ஒளிர்ந்தது' என்று எழுதும் செய்தியைப் படிக்கும்போது எந்தக் கருவி என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

'பள்ளி' என்ற சொல் காதில் விழுந்ததும்

சாதாரணப் பேச்சில் நொடிக்கு நான்கைந்து அசைகள் வரும். ஓர் அசைக்குக் கிடைக்கும் நேரம் 200 முதல் 250 மில்லிநொடி. ஒலி காதில் விழுந்த நொடியிலிருந்து கணக்கிட்டால் நடப்பவை:

1. முதல் 10 மில்லிநொடி. உட்காதின் நத்தைச்சுருளில் ஏறக்குறைய 3,500 உள்மயிரணுக்கள் ஒலியை அலைவரிசைவாரியாகப் பிரித்து அனுப்புகின்றன. செய்தி மூளைத்தண்டில் பல நிலையங்களைத் தாண்டுகிறது. வலது காது, இடது காது இரண்டின் செய்தியும் இங்கேயே கலந்துவிடும்.

2. 20 முதல் 100 மில்லிநொடி. மூளையின் நடுவில் செய்திகளைக் கைமாற்றும் தலாமஸ் வழியாகப் பொட்டுமடலின் மேற்புறம் மறைந்திருக்கும் ஹெஷல் மடிப்புக்கு வருகிறது. இது இரண்டு பக்கமும் நடக்கிறது. இதுவரை பேச்சும் மிக்ஸி சத்தமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கையாளப்படுகின்றன.

3. 100 முதல் 200 மில்லிநொடி. பொட்டுமடலின் மேல்மடிப்பு ஒலியைப் பேச்சொலியாக வகைப்படுத்துகிறது. சான்பிரான்சிஸ்கோவில் மின்முனைத் தகடு வைத்த ஆறு நோயாளிகளிடம் செய்து 2014இல் வெளியான ஆய்வில், ஒரு மின்முனை ப, த, க போன்ற வெடிப்பொலிகளுக்கும், இன்னொன்று ச போன்ற உரசொலிகளுக்கும், வேறொன்று மூக்கொலிகளுக்கும் துடித்தது. அங்கே ஓர் எழுத்துக்கு ஓர் இடம் என்று இல்லை. ஒலி பிறக்கும் முறைக்கு இடம் இருக்கிறது. நம் இலக்கணம் எழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிரித்ததும் ஏறக்குறைய இப்படித்தான். 'ள'வுக்கு நாக்கு நுனி மேலே வளைவதால் வாய்க்குழியின் வடிவத்தால் ஒலியில் ஓங்கி நிற்கும் அலைவரிசைகளில் மூன்றாவது தாழ்கிறது. 'ல'வில் அப்படித் தாழ்வதில்லை. பள்ளிக்கும் பல்லிக்கும் காதில் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

4. 200 முதல் 500 மில்லிநொடி. பொட்டுமடலின் நடுமடிப்பில் ஒலிவடிவம் பொருளோடு இணைகிறது. சொல் முடியும்வரை மூளை காத்திருப்பதில்லை. 'ப' வந்ததுமே பழம், பல், பள்ளம், பள்ளி எனப் பல சொற்கள் எழுந்து நிற்கும். அடுத்தடுத்த ஒலி வரவர ஒவ்வொன்றாக உட்காரும்.

5. 500 மில்லிநொடிக்கு மேல். வாக்கியத்தில் ஏதாவது இடறினால் திரும்பிப் பார்த்துத் திருத்தும் வேலை.

எண் போட்டு எழுதியதால் இது ரிலே ஓட்டம்போலத் தோன்றும். உண்மையில் ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தே நடக்கின்றன. முதல் அசைக்கு நான்காம் வேலை நடக்கும்போது அடுத்த அசைக்கு இரண்டாம் வேலை ஓடுகிறது. மேலிருந்து கீழே வரும் செய்தியும் உண்டு. தென்மாவட்டத்தில் ஒருவர் 'வாளப்பளம்' என்பார், சென்னையில் ஒருவர் 'வாயப்பயம்' என்பார். இரண்டிலும் 'ழ' இல்லை. கடைக்காரர் இருவருக்கும் வாழைப்பழம்தான் எடுத்துக் கொடுக்கிறார். என்ன வரும் என்று மேலே இருக்கும் எதிர்பார்ப்பு, கீழே ஒலி எப்படிக் கேட்க வேண்டும் என்பதையே திருத்திவிடுகிறது.

பொருளுக்கு ஒரு வழி, ஒலிப்புக்கு ஒரு வழி

மேல்மடிப்பிலிருந்து செய்தி இரண்டு வழியாகப் பிரிகிறது. டேவிட் பேப்பலும் கிரெகரி ஹிக்கோக்கும் 2007இல் முழுமையாக முன்வைத்த இந்த இருவழிக் கோட்பாடுதான் இன்று பெரும்பாலோர் தொடக்கமாக எடுத்துக்கொள்வது.

கீழ்வழி பொட்டுமடலின் நடுமடிப்பு, முன்முனை என்று முன்னோக்கி ஓடிப் பொருளைத் தேடும். முன்முனையை ஒரு சந்திப்பாக நினைக்கலாம். 'கத்தரிக்காய்' என்றால் அதன் ஊதா நிறம் ஓரிடத்திலும், வதக்கும் மணம் ஓரிடத்திலும், காம்பைக் கிள்ளும் கையசைவு ஓரிடத்திலும் இருக்கின்றன. அவற்றை ஒரே பொருளாகக் கட்டி வைப்பது இந்த முனை. இது தேய்ந்த நோயாளி தடையில்லாமல் பேசிக்கொண்டே வருவார். நடுவில் 'கத்தரிக்காய்னா என்ன?' என்று கேட்பார். காது நன்றாகக் கேட்கிறது, சொல்லைத் திருப்பிச் சொல்கிறார், பொருள் போய்விட்டது.

மேல்வழி பின்னால் வளைந்து, உச்சிமடலின் ஓரத்தைத் தொட்டு, நெற்றிமடலுக்குப் போகும். இது ஒலியை வாயசைவாக மாற்றுவதற்கு. புதிதாகக் கேட்ட மருந்தின் பெயரையோ பத்து இலக்கத் தொலைபேசி எண்ணையோ எழுதும்வரை மனத்துக்குள் முணுமுணுத்து வைத்திருப்பது இதன் வேலை. இது கெட்டால் சொல்வது புரியும், ஆனால் அப்படியே திருப்பிச் சொல்ல வராது. 'மழை வரும்போல இருக்கு, சொல்லுங்க' என்றால் 'தூறும்... வானம்...' என்று பொருளைப் பிடித்துக்கொண்டு சொற்களைத் தேடுவார்.

அந்த 'ஐ' எங்கே கையாளப்படுகிறது

இங்குதான் நெற்றிமடல் புரிதலுக்குள் வருகிறது. புரோக்கா வகை நோயாளிகளுக்குப் பேச்சு மட்டுமே பிரச்சினை என்று நூறாண்டு நம்பியிருந்தார்கள். 1976இல் அல்ஃபோன்சோ கராமாசா, எட்கர் சூரிஃப் இருவரும் ஆங்கிலத்தில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். வாக்கியத்தைச் சொல்லிப் பொருத்தமான படத்தைக் காட்டச் சொன்னார்கள். பையன் ஆப்பிளைத் தின்பது போன்ற வாக்கியங்களில் நோயாளிகள் தவறவில்லை. ஆப்பிள் பையனைத் தின்னாது என்பது உலக அறிவு. பையன் பெண்ணைத் துரத்துவதா, பெண் பையனைத் துரத்துவதா என்று இரண்டும் நடக்கக்கூடிய வாக்கியங்களில் காசு சுண்டியதுபோலப் பதில் சொன்னார்கள்.

தமிழில் இதே வேறுபாட்டைப் பார்க்கலாம். 'குரங்கு தின்ற பழம்' என்பதைப் புரிந்துகொள்ள இலக்கணம் தேவையில்லை. 'குமார் அடித்த பையன்' என்பதற்குத் தேவை. கேட்பவர் செய்ய வேண்டியவை:

1. 'குமார்' உருபில்லாமல் வந்தால் எழுவாயாக இருக்கலாம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். 'குமாரை' என்று வந்தால் செயப்படுபொருள் என்று குறித்து, செய்தவர் இனிதான் வருவார் என்று இடம் ஒதுக்க வேண்டும்.

2. 'அடித்த' என்ற பெயரெச்சம் வந்ததும், அடுத்து வரும் பெயர் இந்த வினையோடு ஏதோ ஒரு வகையில் சேரும் என்று திறந்து வைக்க வேண்டும். எந்த வகை என்று 'அடித்த' சொல்லவில்லை. ஆங்கிலத்தில் இருப்பதுபோல இணைப்புச் சொல்லும் கிடையாது.

3. 'பையன்' வந்ததும், எந்த இடம் காலியாக இருக்கிறது என்று திரும்பிப் பார்த்து அங்கே உட்கார வைக்க வேண்டும்.

காலியிடத்தை நினைவில் பிடித்து வைப்பதும் திரும்பிப் பார்ப்பதும் நெற்றிமடலின் கீழ்மடிப்பும் பொட்டுமடலின் பின்பகுதியும் சேர்ந்து செய்கிற வேலை. உருபை 'ஐ' என்று அடையாளம் காண்பது பொட்டுமடல்; அதை வைத்து உறவுகளை அடுக்கி நிறுத்துவதில் நெற்றிமடலுக்குப் பங்கு அதிகம். இரண்டையும் இணைக்கும் வில்போன்ற நரம்பிழைக் கட்டு குழந்தைகளிடம் மெதுவாகவே முதிர்கிறது. அந்தக் கட்டு அறுந்தால் இரண்டு முனையும் நன்றாக இருந்தும் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கோளாறு நெற்றிமடல் பாதிப்புக்கு மட்டுமே உரியது அல்ல. பொட்டுமடலின் பின்பகுதி கெட்டவர்களுக்கும் வரும். இரைச்சலில், அவசரத்தில், களைப்பில் நல்ல மூளைக்கும் கொஞ்சம் வரும். ஆகவே இதை வைத்து 'இலக்கணம் இருக்கும் இடம்' என்று ஒரு புள்ளியைக் குறிப்பது பழைய வட்டப்படத்தைத் திரும்ப வரைவதுதான்.

மொழிக்கு மொழி இடம் மாறுமா? 12 மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த 45 மொழிகளில் தாய்மொழிக்காரர்களைக் கதை கேட்கவைத்து 2022இல் வெளியான எப்எம்ஆர்ஐ ஆய்வில், நெற்றிமடலும் பொட்டுமடலும் சேர்ந்த அதே வலைதான் எல்லோரிடமும் தென்பட்டது. திராவிடக் குடும்பமும் அதில் உண்டு. உருபு ஏற்றும் மொழியோ சொல்வரிசையை நம்பும் மொழியோ, வேலை செய்யும் வலை ஒன்றே.

இட்லிக்குத் தொட்டுக்க செருப்பு

1980இல் மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் வாக்கியத்தின் கடைசியில் பொருந்தாத சொல்லை வைத்து ஈஈஜி எடுத்தார்கள். அந்தச் சொல் வந்து 400 மில்லிநொடி வாக்கில் எதிர்மின் அலை ஒன்று ஆழமாக இறங்கியது. அதற்கு 'என்400' என்று பெயர். 'இட்லிக்குத் தொட்டுக்க சட்னி' என்றால் அலை சிறியது; 'மிளகாய்ப்பொடி' என்றாலும் சிறியதாகவே இருக்கும்; 'செருப்பு' என்றால் பெரியது. தவறு என்று கண்டுபிடித்ததற்கான மணி அல்ல இது. எந்தச் சொல்லுக்கும் இந்த அலை உண்டு. எதிர்பார்ப்புக்கு எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறதோ அந்த அளவுக்கு வளரும்.

'அவள் நேற்று வந்தான்' போன்ற இயைபுப் பிழைக்கு வருவது வேறு: 600 மில்லிநொடி வாக்கில் எழும் நேர்மின் அலை. பொருள் இடறலும் இலக்கண இடறலும் வேறு வேறு நேரத்தில் வேறு வேறு தடம் விடுகின்றன என்பதற்கு இது நல்ல சான்று. இரண்டும் எப்போதும் இவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை என்பதும் உண்மை.

வலப்பக்கமும் நீண்ட கதையும்

வலக்கைக்காரர்களில் 95 விழுக்காட்டினர் வாக்கில் மொழிக்கு இடப்பக்கத்தையே முதன்மையாகக் கொண்டவர்கள். வலப்பக்கம் சும்மா இருப்பதில்லை. 'வந்துட்டாரு' என்பது செய்தியா, கேள்வியா, சலிப்பா என்பதை ஏற்ற இறக்கத்திலிருந்து பிடிப்பதில் அதன் பங்கு பெரிது. தாமதமாக வந்தவரிடம் 'ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்க' என்று சொன்னால், வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

பிரின்ஸ்டனில் யூரி ஹாசன் குழு 2011இல் ஒரு கதையைச் சொல்வாரியாக, வாக்கியவாரியாக, பத்திவாரியாகக் கலைத்துப் போட்டுக் கேட்கவைத்தது. ஒலி முதலில் வந்துசேரும் செவிப்புறணிக்கு (ஹெஷல் மடிப்புப் பக்கம்) எப்படிக் கலைத்தாலும் ஒன்றுதான். பொட்டுமடலின் மேற்புறம் பின்னால் போகப்போக வாக்கியம் முழுதாக இருந்தால்தான் எல்லோருடைய மூளையும் ஒத்துத் துடித்தது. உச்சிமடல், நெற்றிமடலின் நடுப்பகுதிகளுக்கு முழுப் பத்தி வேண்டியிருந்தது. ஒலிக்கு மில்லிநொடி, வாக்கியத்துக்கு நொடி, கதைக்கு நிமிடம் என்று வேறு வேறு கடிகாரத்தில் ஓடும் பகுதிகள் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் கேட்கின்றன.

வீட்டிலும் படுக்கையருகிலும்

திடீரென்று ஒருவர் தடையில்லாமல், ஆனால் பொருளில்லாமல் பேசத் தொடங்கினால் 'புத்தி பேதலித்துவிட்டது' என்று நினைப்பது வழக்கம். தமனியின் கீழ்கிளை மட்டும் அடைத்தால் கைகால் விழாமலே இருக்கலாம். அதனால் பக்கவாதம் என்றே தோன்றாது. குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உடனே 108ஐ அழைக்க வேண்டும். கடைசியாக எப்போது சரியாகப் பேசினார் என்ற நேரத்தைச் சொல்ல வேண்டும்.

புரிதலைச் சோதிக்கும்போது ஏமாறும் இடங்கள்:

1. 'கண்ணை மூடுங்கள்', 'எழுந்து நில்லுங்கள்' போன்ற உடல் சார்ந்த கட்டளைகள் கடுமையான பாதிப்பிலும் தப்பிவிடுவதுண்டு. அதைச் செய்தார் என்பதால் எல்லாம் புரிகிறது என்று முடிவுகட்டக் கூடாது.

2. கையை நீட்டியோ பொருளைப் பார்த்தோ கேட்டால் அவர் நம் கண்ணைப் படித்துப் பதில் சொல்வார்.

3. 'ஆமா' என்று தலையாட்டுவது பதில் அல்ல. அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டு 'இல்லை' வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

4. 'புலியைச் சிங்கம் கொன்றது, செத்தது எது?' இந்த ஒரு கேள்வி, பத்துச் சாதாரணக் கேள்விகள் காட்டாததைக் காட்டிவிடும்.

5. சோதனை தாய்மொழியில் நடக்க வேண்டும். பல மொழி தெரிந்தவருக்கு எல்லா மொழியும் ஒரே அளவில் போவதும் இல்லை, ஒரே வேகத்தில் திரும்புவதும் இல்லை.

சத்தம் போட்டுப் பேசுவதால் பயன் இல்லை. செவி நன்றாகத்தான் இருக்கிறது. 'நேத்து டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டீங்களா' என்பதை உடைத்து, 'டாக்டர் மாத்திரை கொடுத்தாரு. சாப்டீங்களா?' என்று கேட்டால் காலியிடத்தைப் பிடித்து வைக்கும் சுமை குறைகிறது.

வில்லிஸுக்கு நேர்ந்தது பக்கவாதம் அல்ல. 2023 பிப்ரவரியில் அவருடைய குடும்பத்தினர் வெளியிட்ட நோயின் பெயர் நெற்றி, பொட்டு மடல்கள் தேயும் மறதிநோய். அஃபேசியா என்பது அறிகுறியின் பெயர். அதன் காரணம் அடைப்பாகவும் இருக்கலாம், தேய்மானமாகவும் இருக்கலாம். அடைப்பால் வந்தது முதல் சில மாதங்களில் ஓரளவு மீள்வதுண்டு. தேய்மானம் கூடிக்கொண்டேதான் போகும்.

மனத்தை வாசித்த கருவி

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் அலெக்சாண்டர் ஹுத் குழு செய்தது இதுதான். மூன்று பேரை, தலைக்கு 16 மணி நேரம், எப்எம்ஆர்ஐக்குள் கதை கேட்கவைத்தார்கள். எந்தப் பொருளுள்ள சொல்லுக்கு எந்த இடங்கள் எப்படித் துடிக்கின்றன என்று ஆளுக்கொரு வரைபடம் தயாரானது. பிறகு புதுக்கதை கேட்கும்போது, மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) என்ற கணினி நிரல் ஒன்று அடுத்தடுத்த சொற்களை ஊகிக்க, எந்த ஊகம் மூளைத் துடிப்போடு பொருந்துகிறதோ அதைத் தேர்ந்தார்கள். கிடைத்தது கேட்ட வாக்கியம் அல்ல, அதன் சாரம். ஓட்டுநர் உரிமம் இன்னும் வாங்கவில்லை என்பது, வண்டி ஓட்டவே இன்னும் கற்கத் தொடங்கவில்லை என்று வந்தது. இரத்த ஓட்டத்தின் வேகத்துக்கு அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

பொருள் நெற்றிமடல், பொட்டுமடல், உச்சிமடல் எங்கும் பரவியிருப்பதால்தான் இது முடிந்தது. இந்தப் பகுதிகளைத் தனித்தனியாக எடுத்தாலும் சாரத்தை ஓரளவு மீட்க முடிந்தது. ஆனால் ஒருவருக்குத் தயாரித்த வரைபடம் இன்னொருவரிடம் செல்லவில்லை. ஒத்துழைக்க மறுத்தாலும் செல்லவில்லை: கதை காதில் ஓடிக்கொண்டிருக்கும்போது விலங்குகளின் பெயர்களை மனத்துக்குள் அடுக்கியோ, வேறொரு கதையைத் தமக்குள் சொல்லிக்கொண்டோ பங்கேற்றவர்கள் கருவியைக் குழப்பிவிட்டார்கள்.